பாரிமுனை – சவுகார்பேட்டை: ஒரே நாளில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

காவிரிக்கரை:
வணக்கம். திருச்சியிலிருந்து நானும் அப்பாவும் சென்னை வருகிறோம். காலை 6 மணிக்கு எழும்பூரில் இறங்கி, இரவு 9.30க்கு மேல் அங்கேயே ரயில் ஏற வேண்டும். அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, மெதுவாகத்தான் நடப்பார். பார்க்க நினைப்பவை: உயர் நீதிமன்றக் கட்டடம், அர்மேனியன் சர்ச், காளிகாம்பாள் கோயில், கந்தகோட்டம், வள்ளலார் வாழ்ந்த வீடு. சாயங்காலம் சவுகார்பேட்டையில் ஏதாவது சாப்பிட வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு ஆண்டர்சன் தெருவில் 400 பத்திரிகையும் எடுக்க வேண்டும்.

வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்குகிறது. கேட்டவர்களோ ஒரே நாளில் முடியாது என்கிறார்கள். சனியா, ஞாயிறா? எங்கே ஆரம்பிப்பது?

பிராட்வேமேற்கு:
முடியும் சார். வரைபடத்தில் இருக்கிற வரிசையில் போனால்தான் முடியாது. இந்தப் பகுதியில் எந்த நேரம் எது திறந்திருக்கும் என்பதை வைத்துத்தான் வழி போட வேண்டும்.

முதலில் கிழமை. பத்திரிகை எடுக்கணும் என்றால் சனிக்கிழமைதான். ஞாயிறு மொத்த வியாபாரத் தெருக்களில் பாதிக்கு மேல் ஷட்டர் இறங்கியிருக்கும். அர்மேனியன் சர்ச் மணியோசை ஞாயிறு காலைதான் கேட்கும். அதை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

அடுத்து, மூன்று கோடுகளை மனதில் வைத்துக்கொண்டால் வழி தவறாது.

முதல் கோடு என்.எஸ்.சி. போஸ் சாலை, பழைய பெயர் சைனா பஜார். இதன் வடபக்கம்தான் ஊர். தென்பக்கம் கோட்டை வரை ஒரு காலத்தில் வெறும் வெளி. அதற்கு முன்பு கறுப்பர் பட்டணம், அதாவது இந்தியர்கள் வாழ்ந்த பழைய ஊர், கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், மூன்று வருடம் கழித்து ஆங்கிலேயரிடம் திரும்ப வந்தது, 1758–59இல் மறுபடியும் முற்றுகை. வீடுகளின் மறைவில் எதிரி நெருங்கி வரக் கூடாது என்று மிச்சமிருந்த பழைய ஊரையும் இடித்து, பீரங்கிக்கு எதிரே திறந்தவெளியாக்கினார்கள். பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டட ஓரத்தில் 1773ஆம் ஆண்டு எல்லைத்தூண் ஒன்று நிற்கிறது. அப்படி நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். ‘இதற்குத் தெற்கே கட்டடம் கூடாது’ என்று அர்த்தம். தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத் தாண்டிப் போகிறார்கள், திரும்பிப் பார்ப்பவர் குறைவு.

இரண்டாவது கோடு பிராட்வே, இப்போது பிரகாசம் சாலை. இது ஓடை போன பள்ளம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்டீபன் போஃபாம் என்ற வக்கீல் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. இன்றைக்கும் குணம் வேறுதான். கிழக்கே கப்பல் ஏஜெண்டுகள், வங்கி, இரும்பு, பம்ப், பேரிங். மேற்கே துணி, காகிதம், பாத்திரம், நகை, மளிகை.

மூன்றாவது வால்டாக்ஸ் சாலை, இப்போது வ.உ.சி. சாலை. ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலுக்காக வரி போட நினைத்ததில் வந்த பெயர். மதிலின் மிச்சம் வடக்கே பழைய ஜெயில் சாலையில் இருக்கிறது, அதன் மேலேயே மாடிப் பூங்கா. உங்கள் நாளில் அதற்கு இடமில்லை.

காலையில் கிழக்குப் பாதி, மதியம் காகிதம், மாலையில் மேற்குப் பாதி. பிராட்வேயை ஒரே ஒரு முறைதான் கடக்க வேண்டும். இரண்டாவது முறை கடக்க நேர்ந்தால் திட்டத்தில் கோளாறு என்று அர்த்தம்.

எழும்பூரில் குளித்து டிபன் முடித்து 8 மணிக்குக் கிளம்புங்கள். மெட்ரோவில் சென்ட்ரல் வந்து நீல வழித்தடத்துக்கு மாறி, விம்கோ நகர் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் அடுத்த நிலையமே உயர் நீதிமன்றம். மின்சார ரயிலிலும் வரலாம், பார்க், கோட்டை, கடற்கரை என்று மூன்றாவது நிறுத்தம். ஆனால் முழங்கால் வலிக்கு மெட்ரோதான், லிஃப்ட் இருக்கிறது.

கடல் பக்கமிருந்து மேற்கே தெருக்களின் வரிசை: ராஜாஜி சாலை, செகண்ட் லைன் பீச், லிங்கி செட்டி தெரு, தம்பு செட்டி தெரு, அர்மேனியன் தெரு, பிராட்வே. எல்லாம் வடக்குத் தெற்காகப் போகும் இணை தெருக்கள். இந்த ஆறு பெயரும் வரிசையாகத் தெரிந்தால் கிழக்குப் பாதியில் கூகுள் தேவைப்படாது.

தம்பு செட்டி தெருவில் காளிகாம்பாளை முதலில் பாருங்கள். நடை நண்பகலுக்குள் சாத்திவிடுவார்கள், வெள்ளிக்கிழமை என்றால் காலையிலேயே கூட்டம். சத்ரபதி சிவாஜி 1677இல் வந்து வணங்கினார் என்பது கோயிலில் சொல்லப்படும் செய்தி. சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் பாரதியார் வந்துபோன கோயில் என்றும் சொல்வார்கள். அங்கிருந்து ஒரு தெரு மேற்கே வந்தால் அர்மேனியன் தெரு. சர்ச்சை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள், பிற்பகலில் கேட் மூடியிருக்கும்.

அதே தெருவில் கச்சாலீஸ்வரர் கோயிலும் இருக்கிறது, அந்தோணியார் கோயில் என்று எல்லோரும் சொல்லும் மரியன்னை இணைப் பேராலயமும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. சனிக்கிழமை பிரச்சினையில்லை.

கலங்கரை:
மேலே சொன்ன வழி சரி. உயர் நீதிமன்றம் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏமாற்றம் வரக்கூடிய இடம் அது.

உள்ளே நினைத்தபடி சுற்றிப் பார்க்க முடியாது. பாதுகாப்புச் சோதனை கடுமை, வழக்கு வேலை இல்லாதவரை வாயிலிலேயே நிறுத்திக் கேட்பார்கள். சனிக்கிழமை வழக்கமான அமர்வு கிடையாது, அதனால் கூட்டம் குறையும், அனுமதி எளிதாகும் என்று எண்ண வேண்டாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும், கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் வெளியிலிருந்து பார்ப்பதுதான். கேமராவை வெளியே எடுக்காதீர்கள். இன்னொன்று, வளாகம் பொதுவழியாகிவிடக் கூடாது என்று ஆண்டுக்கு ஒரு நாள் எல்லா வாயில்களையும் பூட்டும் வழக்கமும் உண்டு.

வெளியிலிருந்தே பார்க்க நிறைய இருக்கிறது. என்.எஸ்.சி. போஸ் சாலையின் வடபக்க நடைபாதையில் நின்று அண்ணாந்து பாருங்கள். செங்கல் சிவப்பில் குமிழ்க் குமிழாகக் கோபுரங்கள், அவற்றில் உயரமானது 175 அடி. கட்டடம் திறந்தது 1892இல். 1894 முதல் 1977இல் மெரினா கலங்கரை விளக்கம் வரும் வரை அந்தக் கோபுரத்தின் உச்சியில்தான் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. அதே வளாகத்துக்குள் தனியாகக் கல் தூண் ஒன்று நிற்கும், அதை நினைவுத்தூண் என்று பலர் தவறாகச் சொல்வார்கள். அதுவும் கலங்கரை விளக்கம்தான், 1844 முதல் 1894 வரை. அதற்கும் முன்பு, 1796 முதல் கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகம் இருக்கும் கட்டடத்தின் மாடியில் விளக்கு. ஆக சென்னையின் நான்கு விளக்குகளில் இரண்டு ஒரே மதிலுக்குள்.

1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சுட்டபோது குறி எண்ணெய்த் தொட்டிகள். குண்டுகளில் சில இந்தப் பக்கமும் விழுந்தன. வளாகச் சுற்றுச்சுவரில் அதற்கான கல்வெட்டு உண்டு. நடைபாதையில் நின்றே படிக்கலாம், உள்ளே போகத் தேவையில்லை.

பிரகாசம் சாலைக்குப் பெயர் எப்படி வந்தது என்று அப்பா கேட்டால்: 1928இல் சைமன் கமிஷன் எதிர்ப்பின்போது இதே பாரிமுனைப் பக்கத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு நேரே மார்பைக் காட்டி நின்ற ஆந்திர கேசரி டி. பிரகாசம் பெயர் அது.

அர்மேனியன் சர்ச்சில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். மணிக்கூண்டு ஆலயத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்கும், ஆறு மணிகள். கட்டடம் 1772ஆம் ஆண்டினது. முற்றத்தில் நடக்கும் கல்பாவல் முழுக்கக் கல்லறைகள், அர்மேனிய எழுத்து தேய்ந்து கிடக்கும். 1794இல் உலகின் முதல் அர்மேனிய மொழி இதழை இந்தச் சென்னையில் அச்சிட்டு வெளியிட்ட பாதிரியார் ஹருத்யூன் ஷ்மவோனியனின் கல்லறையும் இங்கேதான். அப்பா உட்கார்ந்து கால் ஆற்றிக்கொள்ள இந்த வட்டாரத்திலேயே அமைதியான இடம் இந்த முற்றம். சுவருக்கு வெளியே லாரி ஹாரன் கேட்கும், உள்ளே காக்கைச் சத்தம் மட்டும்.

அச்சுமை:
பத்திரிகை விஷயம். நீங்கள் நினைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும், அதனால் விரிவாக.

ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதம். நோட்டு, கவர், அட்டை, காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம். பத்திரிகைக் கடைகளில் வெற்று அட்டை தனி விலை, அச்சுக் கூலி தனி. மாதிரிப் புத்தகத்தில் பார்த்து எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள். அட்டை நூறு நூறாகத்தான் கட்டு. 400 தேவை என்றால் 500 எடுங்கள். ஒரு காரணம், பெயர் எழுதும்போது கெடுவதும் கடைசி நேரத்தில் ஞாபகம் வரும் உறவுகளும். இன்னொரு காரணம், அச்சில் செலவு அதிகம் விழுவது பிளேட், ஸ்கிரீன் தயாரிப்பதில். 400க்கும் 500க்கும் அச்சுக் கூலியில் பெரிய வித்தியாசம் வராது. பிறகு 50 மட்டும் கூடுதலாக அடிக்கப் போனால் முதலிலிருந்து எல்லாக் கூலியும் மறுபடி.

ஒரே நாளில் அச்சடித்து வாங்கிப் போகலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கு இரண்டு வழி. வெற்று அட்டையை மட்டும் இங்கே வாங்கித் திருச்சியில் அச்சடிப்பது ஒன்று. இங்கேயே மேட்டர் கொடுத்து, புரூஃபை வாட்ஸ்அப்பில் பார்த்து, பார்சல் சர்வீஸில் வரவழைப்பது மற்றொன்று. நேரில் புரூஃப் பார்க்க முடியாதவருக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன். ஆனால் ஒரு எச்சரிக்கை. வழவழப்பான அல்லது வெல்வெட் மேற்பரப்புள்ள அட்டையில் சாதாரண ஆஃப்செட் மை சரியாகப் பிடிக்காது, ஸ்கிரீன் அச்சுதான் நிற்கும். வாங்கும்போதே ‘இதில் எந்த அச்சு ஓடும்?’ என்று கேட்டு, ஊரில் உங்கள் அச்சகத்தில் அது உண்டா என்று அங்கிருந்தே போன் போட்டு உறுதி செய்துவிட்டுப் பணம் கொடுங்கள். பணம் கொடுத்த பிறகு அட்டையைத் திருப்பி எடுப்பது அரிது.

இங்கேயே அடிப்பதென்றால் மேட்டரைத் தட்டச்சு செய்து கொண்டுவாருங்கள். கையால் எழுதிய தாளும் கூட இருக்கட்டும், ஏனென்றால் அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. யூனிகோடில் நீங்கள் அனுப்புவதை அங்கே மாற்றும்போது ‘ஸ்ரீ’ உடையும், கொம்பு இடம் மாறும், ‘ணை’ ‘லை’ சிதறும். இறுதிக் கோப்பை எழுத்துருவாக அல்லாமல் வடிவமாக மாற்றிப் பி.டி.எஃப்.ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் நீங்கள் பார்ப்பதும் அச்சாவதும் ஒன்றாக இருக்கும்.

புரூஃபில் எல்லோரும் பெயரைத்தான் பார்க்கிறார்கள். தப்பு வருவது வேறு இடங்களில். ஆங்கிலத் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தம், தமிழ் மாதத் தேதி, நட்சத்திரம், முகூர்த்த நேரத்தில் காலையா மாலையா என்பது, மண்டபத்தின் ஊர், இரண்டு வீட்டுத் தாத்தா பாட்டி பெயர்களின் முன்னெழுத்து. வீட்டில் இருவர் தனித்தனியாகப் படிக்கட்டும், ஒருவர் வாய்விட்டுப் படிக்க இன்னொருவர் சரிபார்க்கட்டும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ ஓரம் விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பார்டர் டிசைன் விளிம்பு வரை போனால் மஞ்சள் அதன் மேல் வழிந்து அசிங்கமாகும்.

500 அட்டை கவரோடு சேர்ந்தால் நல்ல கனம். அதைத் தூக்கிக்கொண்டு மாலையில் தங்கசாலை நெரிசலில் நடக்க முடியாது. மதியமே வாங்கிப் பணம் கட்டிவிட்டு, ‘ஏழு மணிக்கு வந்து எடுக்கிறேன், கடை எத்தனை மணிக்கு மூடும்?’ என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல கடைகளில் ஒத்துக்கொள்வார்கள். தேர்ந்தெடுக்க மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி. சனிக்கிழமை என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு சந்தேகம். கந்தகோட்டமும் வள்ளலார் வீடும் பக்கத்துப் பக்கமா? மதிய வெயிலில் 1 மணி முதல் 4 மணி வரை அப்பாவை எங்கே உட்கார வைப்பது? துணி, பாத்திரம் பக்கம் போகும் எண்ணம் இல்லை, ஆனாலும் எந்தத் தெருவில் என்ன என்று தெரிந்தால் தவிர்க்க வசதி.

பிராட்வேமேற்கு:
பக்கத்துப் பக்கம் இல்லை. கந்தகோட்டம் ராசப்ப செட்டி தெருவில், பூங்காநகர் பக்கம். வள்ளலார் வாழ்ந்த வீடு ஏழுகிணறு வீராசாமி தெருவில், வடக்கே தள்ளி. சிறுவயது முதல் 1858 வரை அவர் இருந்தது அங்கே. நடந்து வந்து வணங்கிப் பாடியது இந்தக் கந்தகோட்டத்து முருகனை. தெய்வமணிமாலை அப்படிப் பிறந்ததுதான். அப்பாவுக்கு அந்தத் தூரத்தை நடக்க வேண்டாம், ஏழுகிணறுக்கு ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். ஏழுகிணறு என்ற பெயரே கோட்டைக்குக் குடிநீர் அனுப்ப 18ஆம் நூற்றாண்டில் தோண்டிய கிணறுகளால் வந்தது.

இரண்டு கோயிலுக்கும் ஒரே சிக்கல், மதியம் நடை சாத்தியிருக்கும். அதனால்தான் காளிகாம்பாள் காலையில், கந்தகோட்டம் மாலை 4க்கு மேல். இடைப்பட்ட நேரத்தைக் காகிதத்துக்கு வைத்தேன். அப்பாவைக் கடைக்குள்ளேயே உட்கார வையுங்கள். மாதிரிப் புத்தகம் புரட்டும் கடைகளில் நாற்காலி போடுவார்கள், பல இடங்களில் ஏ.சி.யும் உண்டு. கல்யாணப் பத்திரிகை எடுக்கப் பெரியவர்கள்தானே வருவார்கள்.

தவிர்க்கக் கேட்டீர்கள். கோடவுன் தெரு துணி மொத்தம், மதியம் மூட்டை இறக்கும் நேரத்தில் ஆள் நுழைய முடியாது. நாராயண முதலி தெருவும் காசி செட்டி தெருவும் ஃபேன்சி, பை, பொம்மை, வெளிநாட்டுச் சரக்கு. தீபாவளிக்கு முந்தின மாதம் இந்த இரண்டும் மனித ஆறு. செம்புதாஸ் தெரு இரும்புக் குழாய், நீளக் குழாய் ஏற்றிய வண்டி திரும்பும்போது தள்ளி நிற்க வேண்டும். தேவராஜ முதலி தெரு கண்ணாடி. ஆனால் இதைத் தவிர்க்காதீர்கள், பட்டணம் கோயில் என்கிற சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீசுவரர் இரட்டைக் கோயில் அங்கேதான். இப்போது உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில் முதலில் இருந்தது, ஊரை இடித்தபோது அதுவும் போனது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் முயற்சியில் 1760களில் இங்கே எழுந்தது. காலையில் அந்த எல்லைத்தூணைப் பார்த்துவிட்டு மாலையில் இந்தக் கோயிலைப் பார்த்தால் கதை முழுதாகும்.

கொத்தவால்சாவடி என்றதும் காய்கறி என்று எண்ணி யாராவது வழிகாட்டினால், அது 1996லேயே கோயம்பேட்டுக்குப் போய்விட்டது.

மொத்தக் கடையில் ஒரு சின்ன விஷயம். விலை கேட்டதும் ‘எத்தனை டஜன்?’ என்பார்கள். ஒன்று இரண்டு வேண்டுமென்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்து நிமிடம் பேசிவிட்டு ஒன்றுதான் என்றால் கோபம் வரும், நியாயமான கோபம்தான்.

பேஜோ:
சாப்பாடு என் பங்கு.

சவுகார்பேட்டையில் தங்கசாலை, அதாவது மின்ட் தெரு, மாலை 5 மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். ஆங்கிலேயர் நாணயம் அடித்த சாலை இருந்ததால் அந்தப் பெயர், அந்த இடத்தில் இப்போது அரசு அச்சகம். காக்கடா ராம்பிரசாத்தில் ஜிலேபியும் பாதாம் பாலும். ஜிலேபியை வாணலியிலிருந்து எடுத்துப் பாகில் போட்ட உடனே வாங்க வேண்டும், தட்டில் அடுக்கி வைத்ததில் பாதி ருசிதான். முறுக்கு சாண்ட்விச் கண்டிப்பாகப் பாருங்கள். இரண்டு தட்டை முறுக்கு, நடுவில் பச்சைச் சட்னி, வெங்காயம், தக்காளி, வெள்ளரி. கையில் வாங்கிய நிமிடமே கடிக்க வேண்டும், இல்லையென்றால் சட்னியில் ஊறிக் கையிலேயே உடையும். அப்பாவுக்குப் பல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குச் சரிப்படுவது என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையின் நெய் இட்லி, பொடி தூவி மெத்தென்று இருக்கும். நின்றுதான் சாப்பிட வேண்டும்.

அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், சாப்பிட ஆசையென்றால் அது கிழக்குப் பாதி, பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச் பக்கம். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969இல் வந்த பஜார் அது. மஞ்சள் நூடுல்ஸில் பொடியாக அரிந்த பச்சை முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், வதக்கிய பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் போட்டு, மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான வறுவலை நொறுக்கிக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். பேஜோவைக் கடைசியில் போடச் சொல்லுங்கள், நமத்துப் போகாது. ஆனால் உங்கள் திட்டப்படி மாலையில் மேற்கே இருப்பீர்கள். அத்தோவுக்காகத் திரும்பி வருவது பிராட்வேமேற்கு சொன்ன ‘இரண்டாவது முறை கடக்கும்’ கோளாறு. ஜிலேபியோ அத்தோவோ, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கலங்கரை:
முகவரி பற்றி ஒரு வரி. ஆட்டோக்காரரிடம் ஜார்ஜ் டவுன் என்று சொல்லாதீர்கள், அது இந்தப் பகுதிக்குக் காகிதத்தில் உள்ள பெயர். பாரிஸ், பூக்கடை, மண்ணடி, யானைகவுனி, மின்ட் என்று சொன்னால்தான் வண்டி நகரும். கதவு எண் பழையது, புதியது என்று இரண்டு இருக்கும், 31/14 என்றால் இரண்டு வீடு என்று அர்த்தமில்லை. குழப்பம் வந்தால் அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். 600001 பாரிமுனை, மண்ணடிப் பக்கம், 600003 பூங்காநகர், 600079 சவுகார்பேட்டை.

முழங்கால் வலிக்கு முக்கியமானது வேறு. இந்தத் தெருக்களில் நடைபாதை என்று தனியாக இல்லை, வடிகாலை மூடிய கல் பலகைகள்தான். சில ஆடும், சில இடத்தில் ஒரு பலகையே இருக்காது. பிடிப்புள்ள செருப்பு போடச் சொல்லுங்கள். பின்னாலிருந்து ‘சைடு, சைடு’ என்று குரல் வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம், முதலில் கடைப் படிக்கட்டில் ஏறி ஒதுங்குங்கள். சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்குப் பிரேக் இருந்தாலும் சுமையோடு சட்டென்று நிற்காது. கழிப்பறைக்கு மெட்ரோ நிலையத்தை நம்புங்கள். மழை பெய்தால் மின்ட் பக்கத்தை விட்டுவிடுங்கள், தண்ணீர் தேங்கினால் எது சாலை, எது பள்ளம் என்று தெரியாது.

பிராட்வேமேற்கு:
திரும்பும்போது: 7 மணிக்குப் பத்திரிகைக் கட்டை எடுத்ததும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் ஆட்டோ தேடி நிற்காதீர்கள். அந்த நேரம் அங்கே எந்த வண்டியும் நகராது. உயர் நீதிமன்ற மெட்ரோவுக்கு நடப்பதும் கட்டோடு கஷ்டம். கடையிலேயே சொன்னால் பையனை அனுப்பி நிலையம் வரை தூக்கித் தருவார்கள், அவருக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். 8 மணிக்கு மெட்ரோவில் ஏறினால் எழும்பூரில் நிதானமாகச் சாப்பிட நேரமிருக்கும். விமான நிலையம் போகும் வண்டியில் ஏறி, சென்ட்ரலில் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும், மறந்து உட்கார்ந்துவிட்டால் வண்டி அண்ணா சாலைப் பக்கம் போய்விடும்.